உளவியல் அளவுகோலை வைத்து ஆய்வேடு எழுதுவது: எதை முதலில் செய்வது, எங்கே சறுக்கும்

ஆய்வேட்டுக்கு உதவி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு எக்செல் கோப்போடுதான் வருகிறார்கள். முந்நூறு பேரின் பதில்கள், நாற்பது ஐம்பது நெடுவரிசைகள், கூடவே ஒரு கேள்வி: “இதுக்கு என்ன டெஸ்ட் போடணும்?” அந்தக் கட்டத்தில் என்னால் செய்ய முடிவது குறைவு. பிழை எங்கோ நான்கு மாதம் முன்பே நடந்து முடிந்திருக்கும். அளவுகோலை (ஒரு மனநிலையை எண்ணாக அளக்கும் வினாப்பட்டியலை) தேர்ந்தெடுத்தபோது, மொழிபெயர்த்தபோது, அல்லது கேள்வியைச் சரியாக எழுதாமல் விட்டபோது.

கீழே இருக்கும் வரிசை அதனால்தான் முக்கியம். எந்தப் படியைத் தாண்டிப் போனாலும் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆட்களிடம் பதில் வாங்கி முடித்த பிறகு திரும்பிப் போய்ச் சரிசெய்ய முடியாது.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: படுக்கைக்குப் போன பிறகு செல்பேசி பார்ப்பதும் மன அழுத்தமும். பழகிய தலைப்புதான். அதனாலேயே இதில் எல்லாத் தவறுகளையும் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவுகோலை உருவாக்கியவர்களின் மூலக் கட்டுரை. இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த வினாப்பட்டியல் இதற்கு ஈடாகாது. எந்தக் கூற்றை (வினாப்பட்டியலின் எந்த வரியை) எதிர்த்திசையில் இருப்பதால் தலைகீழாக மதிப்பிட வேண்டும், பதில்கள் 0-இல் தொடங்குகின்றனவா 1-இல் தொடங்குகின்றனவா, எந்தக் கால அளவைப் பற்றிக் கேட்கிறது, எல்லாம் அங்கேதான் இருக்கும்.

மென்பொருளுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. மாதிரி அளவைக் கணக்கிட ஜி-பவர், பகுப்பாய்வுக்கு ஜமோவி, ஜாஸ்ப் அல்லது ஆர். எல்லாமே இலவசம்.

அப்புறம் ஒரு நோட்டு. எந்த முடிவை எந்தத் தேதியில் எந்தக் காரணத்துக்காக எடுத்தீர்கள் என்று எழுதிவைக்க. வாய்மொழித் தேர்வில் “ஏன் இந்த அளவுகோல்?” என்று கேட்கும்போது ஒன்றரை வருடம் முன்பு என்ன நினைத்தோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“செல்பேசிப் பயன்பாடும் மனநலமும்: ஓர் ஆய்வு” என்பது தலைப்பு. அதில் கேள்வி இல்லை. யாரிடம், எது, எதோடு, எந்தத் திசையில் என்ற நான்கும் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும்: “முதுகலை மாணவர்களில், படுக்கைக்குப் போன பிறகு செல்பேசி பார்க்கும் நேரம் கூடக்கூட, கடந்த ஒரு மாத மன அழுத்த மதிப்பெண்ணும் கூடுகிறதா?”

இதை எழுதியவுடன் சில விஷயங்கள் தானாகத் தெரியவரும். இங்கே நேரத்தை நிமிடத்தில் அளக்க வேண்டும். மன அழுத்தத்துக்குக் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும் அளவுகோல் வேண்டும். ‘கூடக்கூடக் கூடுகிறதா’ என்பது ஒட்டுறவு: இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதை -1 முதல் 1 வரையான ஓர் எண்ணில் சொல்வது. ‘செல்பேசியால் அழுத்தம் வருகிறதா’ என்பது வேறு கேள்வி. ஒரே ஒரு முறை வினாப்பட்டியல் கொடுத்து வாங்கும் பதில்களால் அதற்கு விடை சொல்ல முடியாது. அழுத்தத்தில் இருப்பவர் தூக்கம் வராமல் செல்பேசியை எடுத்திருக்கலாம்.

இந்தப் படியில் நான் அதிகம் பார்க்கும் தவறு, ஒரு ஆய்வேட்டில் ஆறு மாறிகளைப் போடுவது. சுயமதிப்பு, தனிமை, தூக்கம், அழுத்தம், ஆளுமை, வாழ்க்கைத் திருப்தி. நிறைய இருந்தால் ஏதாவது ஒன்றாவது ‘வரும்’ என்ற நம்பிக்கை. வரத்தான் செய்யும். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில்கூட, தற்செயலாகவே தொடர்பு தெரிவதற்கு 5 சதவீத இடம் விடும் 20 தனித்தனிச் சோதனைகள் செய்தால் ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்கது’ என்று வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம்.

2. காலி அட்டவணையை வரையுங்கள்

தரவு எதுவும் இல்லாமலே, ஆய்வேட்டின் முடிவுகள் அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளைக் கையால் வரையுங்கள். தலைப்புகள் மட்டும் இருக்கட்டும், எண்கள் வேண்டாம். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு, “இந்த எண் எந்தக் கேள்வியிலிருந்து வரும்?” என்று கேளுங்கள். விடை இல்லாத கட்டம் இருந்தால் வினாப்பட்டியலில் ஒரு கேள்வி குறைகிறது. எந்தக் கட்டத்துக்கும் போகாத கேள்வி இருந்தால் அதை எடுத்துவிடலாம்.

அரை மணி நேர வேலை. “என்ன டெஸ்ட் போடணும்?” என்ற கேள்விக்கான இடமும் இதுதான். அட்டவணையை வரைந்து முடித்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

3. அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது

சீனியர் பயன்படுத்தினார், அதனால் நானும் என்பதுதான் நடைமுறை. அதைவிட நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், அது அளப்பதும் நீங்கள் கேட்பதும் ஒன்றுதானா? மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு மூன்றும் பேச்சில் கலந்து வரும். அளவுகோல்களில் அவை வேறு வேறு. உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலின் 10 கூற்று வடிவம், கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை கைமீறிப் போவதாக எவ்வளவு தோன்றியது என்று கேட்கிறது. பி.எச்.க்யூ-9 கடந்த இரண்டு வார மனச்சோர்வு அறிகுறிகளைக் கேட்கிறது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்க முடியாது.

இரண்டாவது, கூற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவா? இதை ஏறக்குறைய எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள். பி.எச்.க்யூ-9-இல் ஒரு கூற்றே தூக்கத்தைப் பற்றியது. அதைத் தூக்கமின்மை அளவுகோலோடு வைத்து ஒட்டுறவு பார்த்து, “வலுவான தொடர்பு இருக்கிறது” என்று எழுதினால், ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டு ஒரே பதிலை இரண்டு முறை வாங்கியிருக்கிறோம் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. இரண்டு வினாப்பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பொருள் தரும் கூற்றுகளுக்குக் கோடு போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, நம்பகத்தன்மை: மதிப்பெண் எவ்வளவு தூரம் பிழையில்லாமல் சீராக இருக்கிறது என்பது, 1 என்றால் முழுமை. இதை வெறும் சம்பிரதாயமாக எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் இது உங்கள் முடிவையே தின்றுவிடும். இரண்டு பண்புகளுக்கு இடையே உள்ள உண்மையான ஒட்டுறவு 0.40 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அளவுகோல்களின் நம்பகத்தன்மையும் 0.70. அப்போது உங்கள் தரவில் எதிர்பார்க்கக்கூடியது 0.28 மட்டுமே. 0.40-ஐக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 47 பேர் போதும், 0.28-க்கு 98 பேர் வேண்டும். தளர்ந்த அளவுகோலை எடுத்தால் ஆட்களின் எண்ணிக்கையில் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

நான்காவது, நடத்தையை அளக்க வினாப்பட்டியல் போதுமா? “இரவில் எத்தனை நிமிடம் செல்பேசி பார்ப்பீர்கள்?” என்று கேட்டால் கிடைப்பது நினைவும் மதிப்பீடும் கலந்த ஒன்று. செல்பேசிப் பயன்பாட்டில், மக்கள் சொல்வதும் கருவியில் பதிவாவதும் ஓரளவுதான் ஒத்துப்போகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செல்பேசியே திரைநேரத்தைப் பதிவு செய்கிறது. அந்த எண்ணைப் பார்த்து எழுதச் சொன்னாலே தரவு ஒரு படி மேலே போய்விடும்.

நேரில் கவனித்து நடத்தையைப் பதிவு செய்பவர்களுக்கு ஒன்று. இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். “82 சதவீதம் ஒத்துப்போனது” என்று எழுதினால் போதாது. பத்தில் ஒன்பது தடவை நடக்காத ஒரு நடத்தையைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும், இருவரும் ஒத்துப்போவதற்கான வாய்ப்பு அதே 82 சதவீதம்தான் (0.81 + 0.01). தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிட்டுச் சொல்லும் கோஹன் கப்பா மதிப்பைக் கொடுங்கள்.

4. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

பி.எச்.க்யூ-9, ஜி.ஏ.டி-7 (பதற்ற அளவுகோல்) போன்றவற்றுக்கு அனுமதி தேவையில்லை. பெக் மனச்சோர்வு வினாப்பட்டியல், எம்.எம்.பி.ஐ. (ஆளுமைச் சோதனை) போன்றவை விற்பனைக்குரியவை. நகலெடுத்துப் பயன்படுத்தினால் பிரசுரத்தின்போது மாட்டிக்கொள்வீர்கள். நடுவில் இருப்பவற்றுக்கு உருவாக்கியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மாணவர்களுக்கு மறுப்பவர்கள் குறைவு. பதிலை அச்செடுத்துப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.

மொழிபெயர்க்கத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். சில சமயம் அவரிடமே ஏற்கெனவே செய்து முடித்த தமிழ் வடிவம் இருக்கும். அது கிடைத்தால் அடுத்த படியில் பாதி வேலை மிச்சம்.

5. மொழிபெயர்ப்பு

அதிக ஆய்வேடுகள் இங்கேதான் உடைகின்றன. உடைந்தது வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். எண்கள் வரும், அட்டவணை நிரம்பும், அளந்தது மட்டும் வேறு எதையோ.

வழக்கமாகச் சொல்லப்படும் முறை இது: ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்புவார். இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால் சரி என்று முடித்துவிடுவார்கள். பின்மொழிபெயர்ப்பு என்று பெயர். நல்ல படிதான். ஆனால் இது மட்டும் போதும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

காரணத்தை ஒரு கூற்றில் பாருங்கள். பதற்றத்தில் வயிற்றில் ஏற்படும் உணர்வை ஆங்கிலத்தில் பட்டாம்பூச்சியை வைத்துச் சொல்வார்கள். ‘என் வயிற்றில் பட்டாம்பூச்சிகள் பறந்தன’ என்று அப்படியே மாற்றினால், திருப்பும்போது மூலம் அச்சுப் பிசகாமல் வந்துவிடும். ஒப்பீட்டில் முழு மதிப்பெண். தமிழில் படிப்பவர்களில் பாதிப்பேர் அதைக் காதல் பற்றிய கேள்வி என்று நினைப்பார்கள். ‘பதற்றத்தில் வயிற்றைக் கலக்கியது’ என்று சரியாக மாற்றினால், திரும்பி வருவது வயிற்றுக்கோளாறு போல இருக்கும், ஒப்பீட்டில் தோற்றுப்போகும். மோசமான மொழிபெயர்ப்பு தேறுகிறது, நல்லது தோற்கிறது. அதனால் பின்மொழிபெயர்ப்பில் வரும் வேறுபாட்டைத் தவறு என்று உடனே அடித்துவிடாதீர்கள். பேசிப் பார்க்க வேண்டிய இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைப்பது இந்த வரிசை:

இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழுக்கு மாற்றட்டும். ஒருவருக்கு உளவியல் தெரிந்திருக்க வேண்டும், இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. இருவரையும் உட்காரவைத்து ஒரே வடிவத்துக்கு வாருங்கள். அதன் பிறகு பின்மொழிபெயர்ப்பு. அதன் பிறகு நெறியாளரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் கூற்று கூற்றாகப் பார்க்கட்டும். கடைசியாக, பதிலளிக்கப்போகிறவர்களைப் போன்ற எட்டுப் பத்துப் பேரை ஒருவர் ஒருவராக உட்காரவைத்து, சத்தமாக யோசிக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இங்கேதான் உண்மை வெளியே வரும். ஒரு முறை ஒரு மாணவியிடம், “முடிவெடுப்பதில் எனக்குத் தயக்கம் இருப்பதில்லை” என்ற கூற்றைக் கொடுத்தேன். பதில்கள்: ஒருபோதும் இல்லை, அரிதாக, சில சமயம், அடிக்கடி, எப்போதும். பென்சிலை எடுத்தார், வைத்தார். “எனக்குத் தயக்கமே கிடையாது. அப்போ ‘ஒருபோதும் இல்லை’தானே?” என்று கேட்டுவிட்டு அதையே குறித்தார். அவர் சொன்னதற்கு நேர் எதிரான இடம் அது. எதிர்மறை வினையும் எதிர்மறைப் பதிலும் சேர்ந்தால் தமிழில் இப்படித்தான் ஆகும். கூற்றை “தயங்காமல் முடிவெடுக்கிறேன்” என்றும் முதல் பதிலை “ஒரு தடவைகூட அப்படி நடக்காது” என்றும் மாற்றிய பிறகு யாரும் தடுமாறவில்லை.

சொல் தேர்விலும் இதே கதை. சுயமதிப்புக்குத் ‘தன்மானம்’ என்று போட்டால், பதில் சொல்பவர் அவமானத்தைப் பொறுத்துக்கொள்வீர்களா என்று கேட்பதாக எடுத்துக்கொள்வார். மனச்சோர்வு பற்றிய கூற்றில் வெறும் ‘சோர்வு’ என்றால் உடல் களைப்பு. ‘கவலை’ என்றால் ஏதோ ஒரு காரணம் இருக்கும் கவலை. பதற்றத்துக்கு அது முழுதாகப் பொருந்தாது.

பதில் வரிசையையும் சோதியுங்கள். ‘அரிதாக’, ‘எப்போதாவது’, ‘சில சமயம்’, ‘அவ்வப்போது’, ‘அடிக்கடி’ ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்து, பத்துப் பேரிடம் குறைவிலிருந்து அதிகத்துக்கு அடுக்கச் சொல்லுங்கள். ‘எப்போதாவது’வும் ‘சில சமய’மும் ஆளுக்கு ஆள் இடம் மாறும். இடம் மாறும் சொற்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

6. எத்தனை பேர் வேண்டும்

“கைடு 200 சொன்னார்” என்பதை நெறிமுறைக் குழு (பங்கேற்பவர்களின் நலனைப் பார்த்து ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழு) ஏற்கலாம், பிரசுரத்துக்கு அனுப்பினால் மதிப்பீட்டாளர் ஏற்கமாட்டார். வழக்கமான அளவீடுகளில் (5 சதவீத முக்கியத்துவ நிலை, இருபக்கச் சோதனை, 80 சதவீதக் கண்டறியும் திறன், அதாவது தொடர்பு உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு) ஒட்டுறவு 0.30 என்றால் 85 பேர், 0.20 என்றால் 194 பேர், 0.10 என்றால் 783 பேர். இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிட, வேறுபாடு அரைத் திட்டவிலக்கம் (மதிப்பெண்களின் வழக்கமான சிதறலில் பாதி) என்றால் குழுவுக்கு 64 பேர்.

எந்த அளவை எதிர்பார்ப்பது? உங்கள் தலைப்பில் வந்த ஆய்வுகளில் கிடைத்த அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். பிரசுரமாகும் எண்கள் பெரிதாக இருக்கும் பக்கமே சாய்ந்திருக்கும். 2015-இல் வெளிவந்த ஒரு கூட்டு முயற்சி 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் குறிப்பிடத்தக்க முடிவு சொன்னவை. மறு ஆய்வில் 36 சதவீதம்தான் அப்படி வந்தன. கிடைத்த விளைவுகளின் அளவும் சராசரியாகப் பாதிதான்.

ஒரு சின்னக் கணக்குத் தவறு. 15 சதவீதம் பதில்கள் வீணாகும் என்று நினைத்தால் 194-ஓடு 15 சதவீதம் கூட்டி 223 என்று எழுதுகிறார்கள். 223-இல் 15 சதவீதம் போனால் மிஞ்சுவது 190 பேர்கூட இல்லை. 194-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 229 பேர்.

7. நெறிமுறைக் குழு

விண்ணப்பம் போகும்போது வினாப்பட்டியல் கடைசி வடிவத்தில் இருக்க வேண்டும். பிறகு மாற்றினால் மறுபடி போக வேண்டியிருக்கும். அதனால்தான் இது ஏழாவது படி. குழு கூடும் தேதியை மட்டும் முதல் வாரமே விசாரித்து வையுங்கள்.

ஒப்புதல் படிவம் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எதற்கு ஆய்வு, எவ்வளவு நேரம், நடுவில் விலகினால் எதுவும் ஆகாது, பதில்கள் எங்கே எவ்வளவு காலம் இருக்கும். உங்கள் துறை மாணவர்களிடமே பதில் வாங்கினால், மறுப்பதற்கு அவர்களுக்கு உண்மையிலேயே வழி இருக்கிறதா என்று யோசியுங்கள். ஆசிரியர் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

மனச்சோர்வு அளவுகோல் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். பி.எச்.க்யூ-9-இன் கடைசிக் கூற்று, இறந்துபோவது மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்று கேட்கிறது. ஒருவர் ‘ஏறக்குறைய தினமும்’ என்று குறித்தால் என்ன செய்வீர்கள்? பெயரில்லாத இணையப் படிவம் என்றால் அவர் யார் என்றே தெரியாது. மூன்று வாரம் கழித்துத்தான் கோப்பைத் திறப்பீர்கள். இதற்கு ஏற்பாடு இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அன்றன்றைக்குப் பார்த்து ஆளைத் தொடர்புகொள்ள ஒரு வழியும் பொறுப்பேற்க ஒரு மருத்துவ உளவியலாளரும் இருக்க வேண்டும். முடியாது என்றால், அந்தக் கூற்று இல்லாத பி.எச்.க்யூ-8-ஐ எடுங்கள். அதன் மொத்தம் 0 முதல் 24 வரை. இரண்டில் எதை எடுத்தாலும் உதவி பெறும் இடங்களின் விவரத்தைப் படிவத்தின் முடிவில் எல்லோருக்கும் கொடுங்கள்.

8. முன்னோட்டம்

முப்பது பேர் போதும். இங்கே தேடுவது புள்ளியியல் முடிவுகளை அல்ல. எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள், எந்தக் கூற்றுக்கு எல்லோரும் ஒரே பதில் தருகிறார்கள். முப்பது பேரின் தரவை மென்பொருளில் ஏற்றி, இரண்டாவது படியில் வரைந்த அட்டவணையை நிரப்பிப் பாருங்கள். நிரப்ப முடியவில்லை என்றால் இப்போது தெரிவது அதிர்ஷ்டம்.

முன்னோட்டத்துக்குப் பிறகு கேள்விகளை மாற்றினால் அந்த முப்பது பேரை இறுதித் தரவில் சேர்க்கக் கூடாது. கை அரிக்கும், சேர்க்காதீர்கள்.

மாற்ற வேண்டியதை மாற்றி, தேவைப்பட்டால் குழுவுக்கும் தெரிவித்த பிறகு, கருதுகோள், மாதிரி அளவு, யாரை நீக்குவோம், எந்தச் சோதனை என்பதை எழுதித் தேதியிட்டுப் பூட்டுங்கள். ஓ.எஸ்.எஃப். போன்ற ஆய்வுத் திட்டங்களுக்கான இணையதளங்களில் இதை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கலாம். குறைந்தது நெறியாளருக்கு மின்னஞ்சலாவது அனுப்பி வையுங்கள்.

9. பதில் வாங்குவது

எல்லோருக்கும் ஒரே அறிமுகம். இதை எழுதி வைத்துப் படியுங்கள். முதல் நாள் உற்சாகமாக விளக்கியதும் எட்டாவது நாள் “சீக்கிரம் போட்டுட்டுக் கொடுங்க” என்றதும் ஒரே தரவாக ஆகாது.

இணையப் படிவத்தில் எல்லாக் கேள்வியையும் கட்டாயமாக்குவது வசதிதான். ஆனால் பதில் சொல்ல விரும்பாதவர் எதையாவது தட்டிவிட்டுப் போவார். காலியாக இருப்பது, பொய்யான பதிலைவிட மேல். மின்னஞ்சல் முகவரியைத் தானாகச் சேகரிக்கும் வசதியை அணைத்துவிட்டுத்தான் “பெயர் தெரியாது” என்று சொல்லுங்கள். வயது, வருமானம் போன்றவை கடைசியில் வரட்டும்.

நீளமான பட்டியலின் நடுவில் “இந்த வரியில் ‘அடிக்கடி’ என்பதைக் குறிக்கவும்” என்று ஒரு கவனச் சோதனை வையுங்கள். ஒன்று போதும், மூன்று வைத்தால் ஆட்களுக்குக் கோபம் வருகிறது.

10. தரவைச் சுத்தம் செய்வதும் மதிப்பெண் போடுவதும்

மூலக் கோப்பை ஒரு நகல் எடுத்து, அசலைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிடுங்கள். இனி எல்லா வேலையும் நகலில்.

யாரை நீக்குவது என்பது ஏற்கெனவே எழுதிவைத்த விதிப்படி. கவனச் சோதனையில் தவறியவர்கள், ஒரு கூற்றுக்கு இரண்டு விநாடிகூடச் செலவழிக்காதவர்கள், தலைகீழ்க் கூற்றுகள் உள்ள பட்டியலில் மேலிருந்து கீழ்வரை ஒரே பதிலைத் தட்டியவர்கள். முடிவைப் பார்த்த பிறகு ஒருவரைக்கூட நீக்காதீர்கள்.

அடுத்து தலைகீழ் மதிப்பீடு. சூத்திரம் எளிது: குறைந்த மதிப்பையும் அதிக மதிப்பையும் கூட்டி, அதிலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். 1 முதல் 5 வரை என்றால் 6-இலிருந்து. உணரப்பட்ட மன அழுத்த அளவுகோல் 0 முதல் 4 வரை, அதனால் 4-இலிருந்து. பத்தில் நான்கு கூற்றுகள் (4, 5, 7, 8) தலைகீழ்.

இதில் இரண்டு விதமாகச் சறுக்கலாம். நான் இரண்டிலும் விழுந்தவன். முதல் முறை, படிவத்திலேயே தலைகீழ் எண்கள் கொடுத்திருந்ததை மறந்து, கோப்பில் மறுபடியும் திருப்பினேன். ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண்) 0.31 என்று வந்தது. இரண்டு நாள் மொழிபெயர்ப்பைத் திட்டினேன். ஒவ்வொரு கூற்றுக்கும் மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவைப் பார்த்திருந்தால், அந்த நான்கு கூற்றுகள் மட்டும் எதிர்மறையாக நிற்பது ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இரண்டாவது இன்னும் தந்திரமானது. பழக்க தோஷத்தில் 4-க்குப் பதில் 5-இலிருந்து கழித்துவிட்டேன். ஆல்ஃபா அப்படியே இருந்தது, ஒட்டுறவுகளும் அப்படியே. நான்கு கூற்றுகளுக்கும் தலா ஒன்று கூடி, எல்லோருடைய மொத்தமும் சரியாக 4 ஏறியிருந்தது. 40-ஐத் தாண்டக் கூடாத மொத்தம் ஒருவருக்கு 42 என்று வந்ததால்தான் பிடிபட்டது. அதனால் மதிப்பெண் போட்டவுடன் ஒவ்வொரு கூற்றின், மொத்தத்தின் குறைந்த மதிப்பையும் அதிக மதிப்பையும் பாருங்கள். அப்புறம் மூன்று பேரின் மதிப்பெண்ணைக் கையால் கூட்டிப் பாருங்கள்.

டாஸ்-21 (மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றையும் அளக்கும் 21 கூற்று அளவுகோல்) பயன்படுத்துபவர்கள், 42 கூற்று வடிவத்துக்கான எல்லைகளோடு ஒப்பிடும் முன் மொத்தத்தை இரண்டால் பெருக்க வேண்டும். இதை மறந்தால் உங்கள் மாதிரியில் எல்லோரும் நலமாக இருப்பார்கள்.

11. நம்பகத்தன்மையும் கட்டமைப்பும்

உங்கள் மாதிரியில் வந்த ஆல்ஃபாவைக் கொடுங்கள். மூலக் கட்டுரையில் இருந்ததை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். நம்பகத்தன்மை, அந்த மாதிரியில் கிடைத்த மதிப்பெண்களைப் பற்றியது.

0.90 வந்துவிட்டது என்று துள்ளவும் வேண்டாம். கூற்றுகளுக்கு இடையேயான சராசரி ஒட்டுறவு 0.20 என்ற எளிய அளவில் இருந்தாலே, 10 கூற்றுக்கு ஆல்ஃபா 0.71, 20-க்கு 0.83, 40-க்கு 0.91. நீளம்தான் அங்கே பேசுகிறது. எல்லாக் கூற்றும் ஒரே பண்பை அளக்கின்றன என்று ஆல்ஃபா நிரூபிப்பதில்லை. ஜமோவியும் ஜாஸ்பும் மெக்டொனால்டு ஒமேகா என்ற இன்னொரு நம்பகத்தன்மை எண்ணையும் தருகின்றன. இரண்டையும் கொடுங்கள்.

புதிதாக மொழிபெயர்த்தது என்றால் காரணிப் பகுப்பாய்வு (கூற்றுகள் எத்தனை தொகுப்புகளாக, அதாவது காரணிகளாக, சேர்கின்றன என்று பார்ப்பது) எதிர்பார்ப்பார்கள். எத்தனை காரணிகள் என்பதை ‘ஐகன் மதிப்பு (ஒரு காரணி விளக்கும் வேறுபாட்டின் அளவு) ஒன்றுக்கு மேல்’ என்ற விதியால் முடிவு செய்யாதீர்கள். அது தேவைக்கு அதிகமாகக் காட்டும். தற்செயல் எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இணைப் பகுப்பாய்வு அதைவிட நம்பகமானது. ஒரே தரவில் கட்டமைப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதே தரவில் அதை உறுதிசெய்வதும் கூடாது. விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது மாதிரி அது.

ஆண் பெண் சராசரிகளை ஒப்பிடப் போகிறீர்களா? அதற்கு முன் இரு குழுக்களும் கூற்றுகளை ஒரே விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்களா என்று அளவீட்டு மாறாமைச் சோதனை செய்ய வேண்டும். பெரும்பாலான முதுகலை ஆய்வேடுகளில் மாதிரி அதற்குப் போதாது. போதாது என்றால் அந்த ஒப்பீட்டைக் கருதுகோளில் வைக்காமல் இருப்பதே மரியாதை.

12. பகுப்பாய்வும் எழுதுவதும்

முந்தைய படிகள் சரியாக நடந்திருந்தால் இது ஒரு மதிய வேலை. சிதறல் படத்தை (ஒவ்வொருவரும் ஒரு புள்ளியாக வரும் படத்தை) முதலில் பாருங்கள், எண்ணைப் பிறகு. ஒட்டுறவோடு 95 சதவீத நம்பக இடைவெளியையும் (உண்மையான அளவு இருக்கக்கூடிய வரம்பையும்) கொடுங்கள்.

ஒரே ஒரு ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்: மதிப்பெண்ணை நடுவில் வெட்டி ‘அதிக அழுத்தம்’, ‘குறைந்த அழுத்தம்’ என்று இரண்டு குழுவாக்குவது. அட்டவணை அழகாக வரும். ஆனால் 19 எடுத்தவரும் 20 எடுத்தவரும் எதிரெதிர்க் குழுவுக்குப் போய்விடுவார்கள். 20-உம் 38-உம் ஒன்றாகிவிடும். இயல்நிலைப் பரவலில் இப்படி இடைநிலையில் வெட்டுவது, மாதிரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களைத் தூக்கி எறிந்ததற்குச் சமம். பதினைந்து நாள் அலைந்து வாங்கிய பதில்களை இப்படி வீணாக்க மனசு வராது.

எல்லைக்கோட்டைத் தாண்டியவர்களைப் பற்றி எழுதும்போது, “34 பேருக்கு மனச்சோர்வு நோய் உள்ளது” என்று எழுதாதீர்கள். “34 பேர் பி.எச்.க்யூ-9-இல் 10 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றனர்” என்பதுதான் உங்களுக்குத் தெரிந்தது. நோய் கண்டறிவது நேர்காணலில் நடக்கும் வேலை.

எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். எட்டாவது படியில் பூட்டிய காகிதம் இருக்கிறது, மாதிரி அளவுக்குக் கணக்கு இருக்கிறது, மொழிபெயர்ப்புக்குச் சாட்சி இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது இவற்றோடு மூலக் கோப்பையும், பகுப்பாய்வுக் கட்டளைகளையும், அந்த நோட்டையும் ஒரே கோப்புறையில் வைத்து எடுத்துப் போங்கள். நோட்டைத்தான் அதிகம் புரட்ட வேண்டியிருக்கும்.